முதல் நாள் இரைச்சல்

ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே டாக்டர் புருலாய்க்குக் கேட்டுவிட்டது. அன்று காலையில் பிறந்த குழந்தையின் இதயத் துடிப்புகளுக்கு நடுவே மெல்லிய ஓர் இரைச்சல். பயப்பட ஒன்றுமில்லை. கருவில் இருக்கும்வரை நுரையீரலுக்கு வேலையில்லை, இரத்தம் ஒரு குறுக்குவழியில் போய்விடும். பிறந்து மூச்சுவிட ஆரம்பித்த பிறகுதான் அந்த வழி மெல்ல அடைபடும். அதுவரை நல்ல குழந்தைகள் சிலருக்கும் இப்படி இரையும். இந்தப் பையனுக்கு நிறமும் மூச்சும் சீராக இருந்தன. பால் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கினான்.

ஆட்டு சூப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்றவள் கலிபா, இந்தப் பையனின் பாட்டி, புருலாயின் முன்னாள் மாமியார். எட்டு வருடங்களுக்கு முன் புருலாய் பெற்ற மகளின் நெஞ்சிலும் இதே இரைச்சல் கேட்டது. ஓட்டை நெஞ்சுப் பிள்ளை என்று நாரின் நகரம் முழுக்கச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பியவள் இவள். சத்தம் மறுநாளே நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை. அந்த மகள் இப்போது குதிரையில் ஏறினால் இறங்கமாட்டேன் என்கிறாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு, டாக்டர்?" பெயர் சொல்லக்கூடக் கலிபாவுக்கு நாக்கு வரவில்லை.

"நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது." புருலாய் அதோடு நிறுத்திக்கொண்டாள். "என் பொண்ணுக்குக் கேட்டுச்சே, அதே சத்தந்தான். நீங்களே கேளுங்க."

ஸ்டெதஸ்கோப்பைப் பழைய மாமியாரின் காதில் தானே மாட்டிவிட்டாள். கலிபாவின் முகம் வெளுத்ததைப் பார்க்க இனித்தது. எட்டு வருடம் காத்திருந்த இனிப்பு, ஒளிப்பானேன்?

ஆனால் கலிபா பாய்ந்தது கட்டிலில் கிடந்த புது மருமகள் பெகிமாய்மேல்.

"உங்க ஆளுங்கள்ல யாருக்குடி இந்தச் சீக்கு? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்களா?"

பெகிமாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"எதுத்துப் பேசாத. மருமகள்னா வாய மூடிட்டு இருக்கணும்."

புருலாய்க்குச் சுருக்கென்றது. போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து பெகிமாயின் காதில் சொன்னாள். "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லம்மா. தானா நின்னுடும், நாளைக்கு நானே வந்து பாக்கறேன். அவங்ககிட்ட எப்பச் சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

பெகிமாயின் கண்ணில் முட்டிய நீர் அடங்கியது.

"என்னடி சொன்னாங்க? சொல்லேன்டி." கலிபா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அவள் முகத்தருகே குனிந்தாள்.

பெகிமாய் வெள்ளை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நல்ல மருமகளாகத் தலைகுனிந்து, மகனை மார்போடு சேர்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.