கித்துல் பாணிக்குப் பதினேழு

1

இந்தக் கதை ஓர் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் ஏழு விதிகள் இருக்கின்றன. ஏழாவதை எழுதியவன் நான். எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆரம்பத்தைப் பல தடவை எழுதிப் பார்த்தேன்.

[மடவளையில் மழை பெய்த ஒரு சனிக்கிழமை] மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.

[மரணம் என்பது] வேண்டாம்.

[அகீலாவுக்கு இருபத்தெட்டு வயது. அவள்] இதை முடிக்க முடியவில்லை.

'நான்' என்று வைத்தால் கை நின்றுவிடுகிறது. 'அவன்' என்றால் ஓடுகிறது. ஆகவே அவன். பெயர் முஸ்அப். வயது முப்பது. பேராதனையில் படித்தவன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் படம் வரைகிறான். மனைவி அகீலா இறந்துவிட்டாள்.

2

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருவர் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம், இப்படி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்க்கும். வாள் வீசுவதற்கும் பூட்டைத் திறப்பதற்கும் புத்தகத்தில் விதி உண்டு. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்ய விரும்பினால்?

அகீலா அதை மட்டுமே விரும்புவாள். அதற்காகத்தான் கொப்பி.

முதலாவது விதி: எதையும் செய்யலாம், உருட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். இரண்டாவது: சரிவராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் செய்பவரே சொல்ல வேண்டும். மூன்றாவது: பகடையில் குறைந்தது எத்தனை விழ வேண்டும் என்ற இலக்கத்தைக் கதைசொல்பவர் வைக்கக் கூடாது, செய்பவரின் இடப்பக்கம் இருப்பவர் வைப்பார். (கதைசொல்பவன் முஸ்அப். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று நிரோஷா சண்டை பிடித்ததால் வந்தது இந்த விதி. நிரோஷா அகீலாவோடு பேராதனையில் ஒரே அறையில் இருந்தவள், வத்தேகமைக்காரி.) நாலு, ஐந்து, ஆறு இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஏழாவது: இலக்கம் வைத்த பிறகு சாக்குச் சொல்லக் கூடாது. தலையிடி, உம்மாவின் டெலிபோன் கோல், தேத்தண்ணி, எதுவும் செல்லாது. கதைசொல்பவர் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவார். ஒன்றுக்குள் உருட்டாவிட்டால் செயல் தோல்வி.

இது அகீலாவுக்காகவே எழுதப்பட்டது. பெரிய இலக்கம் வந்தால் அவளுக்குத் தலை இடிக்கும். தேத்தண்ணி ஊற்றப் போவாள். திரும்பி வந்து, “எத்தன சென்னீங்க? பத்தா?” என்று பேரம் தொடங்குவாள். அரைவாசி நாட்கள் வென்றும்விடுவாள்.

3

மடவளை. ஒரு துணிக்கடையின் மேல்மாடி. கடை ஸாகியின் வாப்பாவுடையது, அதாவது அகீலாவின் வாப்பாவுடையது. ஸாகி அவளுடைய தம்பி. அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான், எங்கள் ஊரில் அக்காவுக்கு அதுதான் பெயர். சனிக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. கீழே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

கதையில் ஒரு தொங்குபாலம். பின்னாலிருந்து பூதம் வருகிறது. அதற்கும் மற்ற இருவருக்கும் நடுவில் அகீலாவின் பாத்திரம் நிற்கிறது. அவள் பாத்திரம் ஒரு திருடி. பையில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் கயிறு, கத்தி எல்லாவற்றுக்கும் கீழே 'கித்துல் பாணி, ஒரு போத்தல்' என்று முன்பே எழுதிவைத்திருந்தாள், தயிரில் ஊற்றிச் சாப்பிடும் கித்துல் மரத்துப் பாகு.

“பாணிய பலகையில ஊத்துறேன். அவன்ட கால் ஒட்டிப் போகும். நீங்க ரெண்டு பேரும் ஓடுங்க.”

“தயிரு எங்க, அகீ?” என்றாள் நிரோஷா. “வெறும் பாணிய எப்புடிம்மா திம்பான் பூதம்?”

“சரிவராட்டி?” என்று முஸ்அப் கேட்டான். இரண்டாவது விதி.

“சரிவராட்டி என்ட காலும் ஒட்டும். பாலம் அறுந்தா நானும் விழுவேன்.”

(தன் பாத்திரத்தை 'அவள்' என்று சொல்பவர்களும் உண்டு, 'நான்' என்று சொல்பவர்களும் உண்டு. அகீலா எப்போதும் 'நான்'தான்.)

இடப்பக்கம் ஸாகி. நேரமெடுத்து யோசிப்பதுபோல் நாடியைத் தடவினான். “பதினேழு.”

“பாணிக்கு பதினேழா? அடே, நான் ஒனக்கு தாத்தாவா, எதிரியா?”

“தாத்தாண்டபடியா பதினேழு. வேற ஆள்ண்டா இருவது.”

அவள் பகடையை எடுத்தாள். மற்றக் கையைப் பிடரியில் வைத்தாள். “தலை இடிக்குது,” என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நிரோஷா மேசையைத் தட்டினாள். “வந்துருச்சி! நேரத்துக்கு வந்துருச்சி!”

“விதி ஏழு,” என்றான் முஸ்அப். “பத்து.”

“இல்ல, மெய்யா.”

“ஒம்பது. எட்டு.”

“வெளிச்சம் ஒரு மாதிரி ஈக்கி.”

“அது புதுச் சாக்கு,” என்றான் ஸாகி. “கொப்பியில எழுதுங்க மச்சான்.”

“ஏழு. ஆறு. அஞ்சி.”

நாலு என்றபோது அவள் தலை மேசையில் சாய்ந்தது. முஸ்அப் நாலில் நிறுத்தினான்.*

* இந்த வசனத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

4

[வைத்தியசாலைக்குப் போன வழி] எழுதவில்லை. வழியில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ஒரு நாளம் வெடித்திருந்தது. எங்கே இருந்திருந்தாலும் வெடித்திருக்கும் என்றார் டொக்டர். பத்து நிமிடம் முந்தி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பத்து வினாடிகளைப் பற்றி முஸ்அப் கேட்கவில்லை.

ஒரு காகித உறையைக் கொடுத்தார்கள். மோதிரம், தோடு, பகடை. பகடை கைக்குள் இருந்ததாம். விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

கணவன் மவுத்தானால் மனைவிக்கு இத்தா உண்டு. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். மனைவி மவுத்தானால் கணவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முஸ்அப் இருந்தான். வேலைக்கும் பள்ளிவாசலுக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை. மாமி றமீஸா ஒரு நாள் இடியப்பம் கொண்டுவந்தார். சுவரிலிருந்த கலண்டரையும் அதில் வெட்டப்பட்டிருந்த நாட்களையும் பார்த்தார். “அது பொம்புளைகளுக்குள்ள சட்டம், மகன்,” என்றார். அவன் தலையாட்டினான். அடுத்த நாளையும் வெட்டினான்.

5

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தன. அடுத்த சனிக்கிழமை மேல்மாடிக்குப் போனான். பகடை சட்டைப் பையில் இருந்தது.

அகீலாவின் கதிரையில் துணிச் சுருள்கள் வைத்திருந்திருக்கிறார்கள். இவன் படியேறும் சத்தம் கேட்டு அவசரமாக எடுத்திருக்க வேண்டும். ஒரு விலைச் சீட்டு கதிரையில் கிடந்தது.

“வாங்க முஸ்அப்,” என்றாள் நிரோஷா. “சாப்புட்டீங்களா?”

“ஓ,” என்று தலையாட்டினான்.

கொப்பியை விரித்தார்கள். கதை பாலத்தில் நின்றது. முன்னால் போக வழியில்லை. பாணி ஊற்றியாகிவிட்டது, பகடை உருளவில்லை.

“அவள அங்கயே விட்டுட்டு நம்ம போயிரலாமா?” நிரோஷா மெதுவாகக் கேட்டாள்.

“பூதத்தோடயா?” என்றான் ஸாகி. பிறகு முஸ்அப்பைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னான்: “எண்ணி முடியல்லயே மச்சான். நீங்க நாலுல நிப்பாட்டினீங்க. எனக்கு நல்லா நெனவு ஈக்கி. இன்னம் மூணு பாக்கி. தாத்தா இன்னம் பாலத்துலதான்.”

நிரோஷா கொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இலக்கத்த நான் மாத்துறேன்,” என்றான் ஸாகி. “மூணு.”

“வெச்ச இலக்கத்த மாத்த ஏலாது.”

“விதிய விடுங்க மச்சான். பாணிக்கு யாராவது பதினேழு வெப்பானா?”

(ஸாகி மேல் எனக்குச் சந்தேகம். கதையில் ஒருவன் இவ்வளவு நல்லவனாக இருக்கலாமா? முதல் வரைவில் அவனைக் கோபக்காரனாக்கினேன். முஸ்அப்பின் சட்டையைப் பிடித்து, “நீங்கதான்” என்று கத்தினான். எழுத எளிதாக இருந்தது. நடந்தது அதுவல்ல. நடந்தது மேலே உள்ளது. ஒருவரும் கத்தவில்லை.)

6

நட்சத்திரக் குறி போட்ட வசனம்.

'முஸ்அப் நாலில் நிறுத்தினான்.' அது என் வசனம் அல்ல, ஸாகியுடையது. மூன்றாம் பகுதியை எழுதும்போது அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். சரியான வடிவம் இது:

நாலு என்றபோது அவள் தலை மேசையில் சாய்ந்தது. நல்ல நடிப்பு என்று அவன் நினைத்தான். “மூணு,” என்றான். ஸாகி கைதட்டினான். “ரெண்டு,” என்றான். “ஒண்டு.” பிறகு கதைசொல்பவரின் கனத்த குரலில், அவள் குனிந்த தலையைப் பார்த்து: “சரி. நீங்க விழுந்தாச்சி.”

அதற்குப் பிறகுதான் நிரோஷா அவள் தோளைத் தொட்டாள்.

மூன்று பேருக்கும் கேட்டது. மூன்று பேருக்கும் தெரியும். விதிப்படி அவள் அன்றைக்கே விழுந்துவிட்டாள். பாலத்தில் அவளைப் பிடித்து வைத்திருப்பது ஸாகியின் ஒரு பொய் மட்டும்தான்.

7

முடிவுகள்.

அ. முஸ்அப் “ஓ, நாலுலதான்” என்கிறான். நிரோஷா உருட்டுகிறாள். இருபது. மூவரும் அழுகிறார்கள். [பூதம் ஒட்டிக்கொண்டு] எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபது விழாது.

ஆ. அதே பொய். விழுவது இரண்டு. அவளை இரண்டாம் தடவையும் [  ]

இ. ஏழாவது விதியைக் கிழிக்கிறான். கிழித்தால் கொப்பியின் மற்றப் பக்கத்தில் உள்ள அவள் கையெழுத்தும் போகும். பாணிப் பட்டியல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஈ. இதற்கு விதியில்லை. ஆகவே கொப்பியின்படி செய்கிறேன்.

முதலாவது: முன்கூட்டிச் சொல்கிறேன். ஸாகி இன்னும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம், ஒன்று வரைக்கும் எண்ணினேன், அவள் விழுந்துவிட்டாள் என்று சொல்லப் போகிறேன்.

இரண்டாவது: சரிவராவிட்டால், பதினேழு வைத்ததை அவனும் எண்ணி முடித்ததை நானும் இனி ஒருவருக்கொருவர் மறைக்க முடியாது. அவன் எழுந்து போவான். மேசை போகும். அவளைத் தாத்தா என்று சொல்லும் ஒரே குரலும் என் காதிலிருந்து போகும்.

[நான் என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன். வெட்டவில்லை.]

மூன்றாவது: இலக்கத்தை நான் வைக்கக் கூடாது. நிரோஷா நிமிரவே இல்லை. ஸாகி வைத்தால் மூன்று என்பான். இதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான் இப்போது என் இடப்பக்கம். இலக்கத்தை வையுங்கள். சலுகை வேண்டாம்.

பகடை என் கையில் இருக்கிறது. எனக்குத் தலை இடிக்கவில்லை. வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது. கீழே மெசின் ஓடுகிறது.

பத்திலிருந்து எண்ணுங்கள். நாலு வரும்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பாருங்கள்.