வாய்விட்டுப் படிக்காத அளவு

அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்குள் வைக்கப்போகிற எதுவானாலும், பெட்டியைப் பிரிக்கும் முன் நர்ஸ் அதன் அளவை உரக்கப் படிக்க வேண்டும். டாக்டர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒத்துப்போனால்தான் உறை கிழியும். இருபத்திரண்டு வருஷமாக அப்படிப் படித்துக் கொடுத்த நர்ஸ் அவள். அவள் குரலுக்கு அங்கே 'ரயில்வே ஸ்டேஷன்' என்றே பட்டப்பெயர். ஒரே ஒரு நாள்தான் அந்த வாயை மூடிக்கொண்டாள். மூடச் சொன்னது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனுக்கு மூத்தவள். சலவைக்கடைக்காரி. நின்று நின்று இஸ்திரி போட்டே இடது இடுப்பு தேய்ந்துபோய், நாலு வருஷமாக நாற்காலியில் சாய்ந்து தூங்கியவள். அங்கே பெரிய ஆஸ்பத்திரி, இங்கே பேர்போன டாக்டர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "என் தம்பி பொண்டாட்டி இருக்கிற இடத்துலதான் படுப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒற்றைக்காலில் நிற்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்தானே!

தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வைப்பது உலோக உருண்டையா, பீங்கான் உருண்டையா என்று டாக்டர் கேட்டபோதும் அதே கதை. "அவளைக் கேளுங்க டாக்டர். அவ இடுப்புக்கு எதை வெச்சுக்குவாளோ அதையே எனக்கும் வைங்க." அவள் யோசித்துத்தான் சொன்னாள். பீங்கான் உருண்டை, அது உட்கார்ந்து சுழல பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டும் ஒரே அளவு, முப்பத்தாறு. பெரிய உருண்டை சுலபத்தில் கழன்றுகொள்ளாது. தேர்வில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும். காது நன்றாகவே கேட்கும். முந்தின நாளே நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுத்தியல் அடிச்சா அடிக்கட்டும். ஆனா அந்த நம்பர எடு, இந்த நம்பர கொண்டான்னு மரக்கடையில பேசற மாதிரி என் தலைக்கு மேல பேசாதீங்கடி. எனக்கு உசுரே போயிடும்." அந்த முகத்தைப் பார்த்து யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? "இன்னைக்கு எல்லாமே சைகைதான்" என்று தியேட்டரில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கிண்ணத்தின் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள், முப்பத்தாறு. டாக்டர் பார்த்துத் தலையசைத்தார். அடுத்தது உருண்டை. தள்ளுவண்டியில் முப்பத்தாறும் முப்பத்திரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒரே நிறம், ஒரே அட்டை. அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் கை அவளைத் தேடியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பெட்டியைத் தூக்கினாள். டாக்டரின் கண் காயத்தின் மேல் இருந்தது. அங்கிருந்தபடியே தலையசைத்தார்.

மூன்றாம் நாள் காலை, பதிவேட்டில் ஏற்றுவதற்காக, பெட்டிகளிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கிண்ணம் முப்பத்தாறு. உருண்டை முப்பத்திரண்டு. திரும்பவும் படித்தாள். ஸ்டிக்கர் என்ன, பயந்து மாற்றிச் சொல்லவா போகிறது? வியர்க்கும், அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மிச்சமிருந்த கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

அவள் போய்ச் சொன்னதும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். உருண்டை ஒரு மயிரிழை ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"வெறும் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்" என்றார்.

"ஆடும் சார். கிண்ணத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு நாள் கழண்டுக்கும்."

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி திறந்து உருண்டைய மாத்தித்தான் ஆகணும். நான் பார்க்காம தலையாட்டினேன், என் தப்பும்தான். நானே சொல்லிடறேன். பொருத்தம் சரியா அமையலன்னு சொன்னா போதும். உன் பேரு எதுக்கு?"

சபலம் தட்டாமல் இல்லை. இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்படியே விட்டால் நாத்தனாருக்கு அவள் என்றைக்கும் கெட்டிக்காரியாகவே இருப்பாள். "வேண்டாம் சார். அவங்க என்னை நம்பித்தான் வந்தாங்க" என்றாள். யாரோ பேசுவது போல இருந்தது.

வராந்தாவில் நாத்தனார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பல்லெல்லாம் தெரிந்தது. "பாத்தியாடி! வலியே இல்ல. வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, உன் புருஷனத் துரத்திப் பிடிச்சு ரெண்டு வெக்கிறேன் பாரு!"

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க." சுற்றி வளைக்காமல் சொன்னாள். உள்ளே இருக்கிற உருண்டை அளவு தப்பு, மறுபடியும் திறக்க வேண்டும், எடுத்துக் கொடுத்தது நான்தான்.

நாத்தனார் வாக்கரை விடவில்லை. "நான் பேசாதீங்கன்னு சொன்னதாலயா?"

"நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் படிச்சிருக்கணும்க்கா. படிக்கல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலையில."

"ம்." குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். "மறுபடி திறக்கிற வரைக்கும் நடக்கலாமா?"

"வேண்டாம்க்கா."

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். பத்தடி தூரம்தான், நாத்தனார் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்ததும், மூன்று நாளாகச் செய்ததைப் போலவே, நாத்தனாரின் காலைத் தூக்கி மேலே வைக்க அவள் குனிந்தாள்.

"நீ வேண்டாம்" என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை. "வேற யாரையாவது வரச் சொல்லு."

அவள் வெளியே வந்து, டியூட்டியில் இருந்த புது நர்ஸைக் கூப்பிட்டாள். "இடது கால். ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலகாணி வெச்சுட்டுத் தூக்கு. உள்பக்கம் திருப்பிடாத" என்று ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினாள். குரல் பிசிறவில்லை. பிசிறினாலாவது தேவலாம் என்று இருந்தது.

கதவு பாதி திறந்திருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, நல்லா பண்ற" என்றாள் நாத்தனார். "நாளைக்கும் நீயே வா."