நூறு ரூபாய்ப் பரீட்சை

எங்கள் நான்கு பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அந்த நால்வரில் நானும் ஒருவன்.

2004இல் ராயபுரத்தில், எங்களில் ஒருவரான தேவப்பிரியத்தின் கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் கூடி, லினக்ஸ் என்ற, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கணினி இயங்குதளம் தெரிந்தவர்களுக்கு ஒரு பரீட்சை நடத்துவதென்று முடிவு செய்தோம். பெரிய கம்பெனிகளின் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் அழவேண்டும். எங்களுடையது நூறு ரூபாய். தமிழில் எழுதலாம். பட்டம் வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும். நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சடித்தோம். துறைமுகத்தருகே சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட், இந்தச் சான்றிதழோடு வரும் ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் டீ குடித்தோம், கொள்கை பேசினோம். கேள்விகளை எழுதியது செங்கொடி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதில் கணக்கில் தவறியவள், லினக்ஸைத் தானே நோண்டிக் கற்றவள். அறுபது கேள்விகளில் நாற்பத்தெட்டு அவளுடையவை. ஏஜென்ட் தருவதாகச் சொன்ன வேலைமேல் அவளுக்கு ஒரு கண்.

கேள்விகள் கைக்கு வந்தபிறகுதான் எனக்கு நேர்மை பொங்கியது. கேள்வி எழுதியவர் பரீட்சை எழுதக்கூடாது என்றேன்.

"நாயம்தாண்ணா," என்றாள் செங்கொடி. "அப்போ கேள்வி எழுதனவங்க லிஸ்ட்ல எம்பேரப் போட்டுருங்க. அத்த காட்டி வேல கேட்டுக்கறேன்."

தேவப்பிரியம் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பன்னெண்டாவது பெயிலான பிள்ள பேரப் போட்டா எவன் சார் இந்த சர்டிபிகேட்ட மதிப்பான்? நாம நாலு பேரும் டிகிரி. நம்ம பேரு போதும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பட்டம் வேண்டாம் என்ற நோட்டீஸ் கட்டு மேசைமேலேயே கிடந்தது. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"இன்னாண்ணா இது, கலீஜா கீது," என்றாள் என்னிடம். மறுநாளிலிருந்து சென்டருக்கு வரவில்லை.

பரீட்சைக்கு அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். முதலாவதாக வந்த பி.எஸ்சி. பையனுக்கு அந்த வேலை போனது. விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். பதினேழாவது கேள்வி செங்கொடி எழுதியது: 'பிறர் எழுதிய புரோகிராமை நகலெடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதிலிருந்து எதை நீக்கக்கூடாது?'

எழுதியவர் பெயரை. அறுபத்திரண்டு பேரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, சான்றிதழ்களில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.