மஞ்சள் லைட்டும் போகஸ் லைட்டும்

...அகலமானதா, ஒடுக்கமானதா, நாலு மணிக்கு ரோசலின் அக்கா சிங்கப்பூரிலிருந்து கூப்பிடும்போது ஒரு சொல்தான் சொல்ல வேண்டும், அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வாரமாக மண்டையைப் போட்டு உடைக்கிறேன், பாஸ்போர்ட் படங்களை வெட்டுகிற கை கோணல்மாணலாகப் போகிறது, "ஷாமிளா, காத வெட்டிராதீங்க புள்ள" என்று கபூர் நானா மேசையிலிருந்து சத்தம் போடுகிறார்... பெல்மதுளைச் சந்தியில் இந்த ஸ்டுடியோ அவருடையது, கேமராவும் அவருடையதுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு இரவல். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிற ரோசலின் அக்கா டிசம்பரில் நத்தாருக்கு வரும்போது லென்ஸின் முகத்தில் திருகுகிற பில்டர் ஒன்று வாங்கி வருகிறேன் என்றாள், பல நிறங்களை உள்ளே விடுகிற அகலமானதோ, ஒன்றிரண்டை மட்டும் விடுகிற ஒடுக்கமானதோ, ஒன்றே ஒன்று, அதற்குப் பிறகு அவளுடைய அடுத்த வரவு இரண்டு வருஷம் கழித்து. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்ணுக்கு வானத்தைப் படம் பிடிக்கிற கிறுக்கு எதற்கு என்று கேட்கிறார்கள், கேட்கட்டும், அந்த வானம் என்ன தோட்டத்துத் துரை பங்களாவுக்கு மேலே மட்டுமா இருக்கிறது?

போன ஜனவரியில் எடுத்த படம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, திருவாதிரை சிவப்பாக, அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு நீல நட்சத்திரம், நடுவில் புகை மாதிரி ஒரு முகில், எல்லாம் வர வேண்டிய இடத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரே மப்பு. எந்த வெளிச்சம் கெடுத்தது என்று பார்க்க ஒரு பழைய பாட்டு சீடியை எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றினேன், சீடியைச் சரித்துப் பிடித்தால் வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரியும். குழாயடியில் இருக்கிற மஞ்சள் லைட்டில் நிறங்களுக்கு நடுவே கறுப்பு இடைவெளி தெரிந்தது, அப்படியானால் அகலமான பில்டரே போதும், அது விளக்கின் மஞ்சளை மட்டும் வடித்துவிட்டு நட்சத்திரங்களின் நிறத்தைப் பெரும்பாலும் அப்படியே விடும். ரோட்டுமுனைக் காவல் கொட்டகையின் போகஸ் லைட்டில் அப்படி இடைவெளியே இல்லை, முழு வானவில், அகலமானது அதற்குப் பிரயோசனமில்லை. ஒடுக்கமானது சமாளிக்கும், முகிலின் நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மிச்சத்தை எல்லாம் தள்ளிவிடும், ஆனால் திருவாதிரையின் சிவப்பும் மற்றதன் நீலமும் ஒரேமாதிரி வெளிறிப்போகும். இங்கே வருகிற கலியாணப் பெண்களையெல்லாம் நானா கம்ப்யூட்டரில் வெள்ளையடித்து அனுப்புகிற மாதிரி. அதைப் பார்க்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், நட்சத்திரத்துக்கும் அதையா செய்வது?

கொழும்பில் வானம் பார்க்கிற சங்கத்து ஐயா ஒருவர் இ-மெயிலில் எழுதினார், உங்கள் இடத்துக்கு ஒடுக்கமானதுதான் சரி, முடிந்தால் குழாயடி விளக்கையும் இரவில் அணைக்கச் சொல்லுங்கள் என்று. அணைக்கச் சொல்வதா! வெள்ளையம்மா மாமியைக் குழாயடியில் பாம்பு தீண்டிய பிறகு அம்மாவும் மற்றப் பெண்களும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே நாலு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து வாங்கிய விளக்கு அது, முதல் நாள் துரை வந்தபோது "லைட்டு வந்தா கூடை நிமிரும், இல்லாட்டி இப்படியே கெடக்கும் தொர" என்று எழுந்து சொன்னது என் அம்மா ஜெயம்மா, அதை நான் அணைக்கச் சொல்வேனா, என் வானம் கெட்டாலும் சொல்லமாட்டேன். போகஸ் லைட் வேறு. அது வடக்கில் சண்டை நடந்த காலத்தில் வந்தது, ரோட்டைப் பார்க்கவில்லை, எங்கள் கதவுகளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எங்கள் பெண்களுக்கு அந்த வித்தியாசம் புரிந்தால்தானே... ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மஞ்சள் லைட்டுக் கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள், போகஸ் லைட் வந்த முதல் வருஷம் அந்தப் புதுக் கம்பத்துக்கும் வைக்கப் போனார்கள், லைட்டு என்றால் நமக்கு வந்தது என்ற நினைப்பு. காவல்காரன் "மொகத மே கரன்னே?", என்ன இது செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கத்தி மாலையை அறுத்து எறிந்தான். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சண்டை முடிந்து ஐந்து மாதமாயிற்று, அந்த லைட் இன்னும் எங்கள் கதவில்தான் அடிக்கிறது.

போன் அடித்தது. நானா எடுத்து நீட்டினார், அக்காதான். "ஏன்டி, கடக்காரன் ரெண்டையும் எடுத்து வச்சிருக்கான், நாளைக்குத்தான் எனக்கு லீவு, எத வாங்க?" ஒடுக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மூன்று வாரமும் போட்ட கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விட்டிருந்தது, ஆனால் அந்தக் கணக்கில் போகஸ் லைட்டை நான் எப்படி வைத்திருந்தேன்? மலையை வைக்கிற மாதிரி, மழையை வைக்கிற மாதிரி, என்றைக்கும் அங்கேயே இருக்கிற ஒன்றாக. யார் சொன்னது அது என்றைக்கும் இருக்கும் என்று? நானே சொல்லிக்கொண்டேன், வெட்கமாக இருந்தது. "அகலமானது, அக்கா." "அது அந்த போகஸ் லைட்டுக்குச் சரிவராதுன்னு நீதானே சொன்ன?" "வராது. நீங்க வர்றப்ப அது எங்க வாசலப் பாத்துக்கிட்டு இருக்காது." "யாரு திருப்புவா?" "நான் போய்க் கேப்பேன்." "தனியாவா?" லைன் இரைந்தது, அவள் சிரித்தாளா, ஏதாவது சொன்னாளா, தெரியவில்லை, கட்டாகிவிட்டது.

கபூர் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், தன் பிளேன்டீயை என் பக்கம் தள்ளிவைத்தார். நத்தாருக்கு இன்னும் எட்டு வாரம்... யாரிடம் கேட்பது, துரையிடமா, கொட்டகைக் காவல்காரனிடமா, தமிழில் கேட்பதா சிங்களத்தில் கேட்பதா, சிங்களம் எனக்கு நன்றாக வரும், அன்றைக்கு மட்டும் வருமா? வாய் கேட்பேன் என்று சொல்லிவிட்டது, முழங்கால் மேசைக்கு அடியில் நடுங்குகிறது, நடுங்கினால் நடுங்கட்டும், சொன்னது சொன்னதுதான். அந்த நாலு நாள் கதையை அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார், எல்லாரும் உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் துரை முன்னால் எழுந்து நின்றதை... அப்போது கால் நடுங்கியதா என்று நான் ஒருநாள்கூட அவரைக் கேட்டதில்லை.