மூன்று கால் கண்

எங்கள் கடையில் என்னைக் 'கண் டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். 'கூப்பிடுவார்கள்' என்பதும் மரியாதைக்குப் போட்ட பன்மை. கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான், என் பார்ட்னர். டிவியோ, டிவிக்குக் கீழே வைக்கிற கேபிள் பெட்டியோ, ரிமோட்டின் பேச்சுக்கு அடங்காதது எது வந்தாலும், "டாக்டரே, கண்ணு கேஸு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்.

நாங்கள் கண் என்று சொல்வது சென்சாரை. பெட்டியின் முகப்பில், கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று கால். ஒரு காலில் கரண்ட் ஏறும், ஒரு காலில் இறங்கும், மூன்றாவது காலில் செய்தி வெளியே வரும். ரிமோட் அடிக்கிற வெளிச்சம் நமக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். வெயிலும் டியூப்லைட்டும் நாள் முழுக்க அதன் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. சட்டையே செய்யாது. வினாடிக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை சிமிட்டுகிற வெளிச்சத்துக்குத்தான் தலையாட்டும். ஆனால் சிமிட்டியது யார் என்று கேட்கத் தெரியாது. ஒரே கம்பெனி ரிமோட்டாக இருந்தால் போதும், யார் அமுக்கினாலும் சொன்னதைச் செய்துவிடும். கல்யாணமான புதிதில் தானும் அப்படித்தான் இருந்ததாகப் பார்ட்னர் சொல்வார்.

என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா வீட்டுக்குப் போகவில்லை, போயே போய்விட்டாள். அவள் இருந்தவரை ரிமோட் யார் கையில் இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரார் டிவியை எல்லாம் வழிக்குக் கொண்டுவருகிறவனுக்குத் தன் வீட்டு டிவியில் ஒரு செய்தி பார்க்க உரிமை கிடையாது. இப்போது முழு உரிமையும் வந்துவிட்டது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

அப்படி ஒன்றும் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், டிவியின் சத்தம் தானாக ஏறியது. ரிமோட் அலமாரி மேல் கிடந்தது. நான் சோபாவில். திரையின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. பிறகு சேனல் மாறி, யாரோ ஏரியில் மீன் பிடிக்கிற நிகழ்ச்சியில் போய் நின்றது.

முப்பது வருடமாக இதே தொழில். வேறு ஏதோ ரிமோட்டின் வேலை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிவதற்கு முன்னால் ஒரு அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் நான் சோபாவில் ஒதுங்கி, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டேன். இதைப் பார்ட்னரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த முப்பது வருடத்துக்கும் அவருக்கு அது போதும்.

அப்புறம் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எங்கள் சந்து குறுகல். என் மூன்றாம் மாடியும், தையல் மெஷின் கடைக்கு மேலே இருக்கிற எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்பவை. தெரு முழுக்க ஒரே கேபிள்காரர், எல்லா வீட்டிலும் ஒரே பெட்டி. ஃபோனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, என் தோளுக்கு மேலே எதிர் ஜன்னல் தெரியும்படி பிடித்தேன். ரிமோட்டின் வெளிச்சம் அந்தக் கேமராவுக்குத் தெரியும். ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதே அப்படித்தான். என் நரைத்த காதுக்குப் பக்கத்தில், எதிர் ஜன்னலின் அடிவிளிம்பில், ஊதாவாக ஒரு பொட்டு மினுக்கிவிட்டு அணைந்தது. என் டிவியில் சத்தம் இறங்கியது.

ஆள் தெரியவில்லை. ஜன்னல் மட்டத்துக்குக் கீழே படுக்கை போட்டிருக்க வேண்டும். அந்த வீட்டு டிவி ஜன்னலை ஒட்டி எனக்கு முதுகு காட்டி நின்றது. அறையின் உள்சுவரில் ஒரு இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் அந்த டிவியின் திரை. அதிலும் அதே ஏரி, அதே மீன்.

அதோடு திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கலாம். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் நானே அந்த யோசனையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லையே. என் ரிமோட்டை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, பீரோக் கண்ணாடியைக் குறி பார்த்து ஒரு சேனல் தள்ளினேன். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அந்தப் பெட்டியின் கண்ணில் போய் விழுந்தது. மீன் போய்ப் பாட்டு வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அங்கிருந்து சேனல் எண்ணை அமுக்கினார்கள். பாட்டு போய் மறுபடி மீன்.

பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டானது. ரிமோட்டுக்குப் புது செல் போட்டேன். நான் சத்தத்தை ஏற்றினால் அங்கே இறங்கும். நான் பாட்டு வைத்தால் அங்கே மீன் வரும். பதில் தாமதமானால், 'யோசிக்கிறார், சரியான ஆட்டக்காரர்' என்று ரசிப்பேன். ஒரு நாள் சவரம்கூடச் செய்துகொண்டு ஜன்னலுக்குப் போனேன். படுத்திருக்கிறவருக்கு என் தாடை தெரியப்போவதில்லை என்பது தலை துவட்டும்போதுதான் உறைத்தது.

"என்ன டாக்டரே, விளக்கு வைக்கிறதுக்குள்ள பறக்குறீங்க? வீட்ல யாராவது காத்துட்டிருக்காங்களா?" என்றார் பார்ட்னர்.

"டிவி பாக்கணும்."

"பகலெல்லாம் டிவி வயித்தைக் கிழிச்சுட்டு, வீட்டுக்குப் போயும் டிவியா? உங்க தலையில எழுதினவன் ரெண்டாவது பக்கத்தைத் திருப்பவே இல்ல போல."

பிறகு பதில் குறைந்தது. ஒரு நாள் அடியோடு நின்றது. கண்ணாடிக்குள் டிவி நான் விட்ட இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கோபமோ என்று, சமாதானத்துக்கு நானே மீனுக்கு மாற்றி வைத்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. தினம் போய் நின்று பார்த்தேன். கடனே என்று ஓடுகிற டிவியை ஜன்னல் வழியாக எதற்குப் பார்க்க வேண்டும்? என் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் அடையாள அட்டை. துணிப்பையிலிருந்து கேபிள் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"அண்ணா, இதுல சென்சார் போயிடுச்சு போல. மாத்திக் குடுங்க."

"என்னம்மா பண்ணுது?" என்றார் பார்ட்னர்.

"தானா சேனல் மாறுது. தானா கத்துது. நாம ஒண்ணு அமுக்கினா அது ஒண்ணு பண்ணுது."

"டாக்டரே, உங்க கேஸு. கண்ணுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

பெட்டி எங்கள் தெருக் கேபிள்காரருடையது. அவள் பையின் காதை முறுக்கிக்கொண்டே பேசினாள்.

"எனக்காக இல்லண்ணா, அப்பாவுக்கு. பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. பேச்சு வராது. இடது கை மட்டும்தான் வேலை செய்யும். நான் டூட்டிக்குப் போயிட்டா அந்த ரிமோட்தான் அவருக்கு எல்லாம். வீட்ல அவர் சொல்லி நடக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் கேக்கலைன்னதும் மொதல்ல கோவப்பட்டாரு. அப்புறம் என்னைப் பாத்துத் தலையைத் தொட்டுத் தொட்டுக் காமிச்சாரு. தன் மூளைதான் கெட்டுப்போச்சு, தப்புத் தப்பா அமுக்குறோம்னு நெனைக்கிறாரு. நாலு நாளா ரிமோட்டைத் தொடல. கையையே தூக்க மாட்டேங்கிறாரு, எக்சர்சைஸுக்குக்கூட. இப்படியே விட்டா அந்தக் கையும் போயிடும்கிறாங்க ஆஸ்பத்திரியில."

"வீடு எங்கம்மா?" என்று கேட்டேன். சில கேள்விகளை, பதில் வேறாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில் கேட்கிறோம்.

"தையல் மெஷின் கடைக்கு மேல, மூணாவது மாடி."

பார்ட்னர் அதற்குள் பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டார். "கண்ணு பளிச்சுன்னு இருக்கே! சொன்னபடி கேக்குது."

"இங்க கேக்கும். கோளாறு அந்த வீட்டுப் பக்கத்துல இருக்கு. நான் நேர்ல வந்து பாக்குறேன்மா" என்றேன். முப்பது வருடத்தில் இவ்வளவு துல்லியமாக நான் எந்த நோயையும் கண்டுபிடித்ததில்லை.

சாயங்காலம் போனேன். பெரியவர் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். இடது கை போர்வை மேல், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. கண்கள் மட்டும் கூர்மை. மகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். பெட்டியை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், நேர் எதிரே என் வீடு. அதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. ஒரு மூலை மட்டும் குழிந்த சோபா. எதிர்ச் சுவரில் டிவி. கொடியில் ஒற்றைத் துண்டு. அங்கே ஒரு ஆள் குடியிருக்கிறான் என்று யாராவது சொன்னால்தான் நம்பலாம்.

என் சட்டைப் பையில் புதுக் கண் ஒன்று இருந்தது. அதை மாற்றியதாகப் பாவலா செய்து, பீரோவைத் திருப்பி வைத்துவிட்டு நழுவியிருக்கலாம். நழுவுவதில் நான் கைதேர்ந்தவன். ஆனால் இவர் தலையைத் தொட்டுக் காட்டிய மனுஷர். பெட்டியில்தான் கோளாறு என்று சொன்னால், படுத்திருப்பவரைச் சமாதானப்படுத்த எல்லாரும் சொல்கிற பொய் என்றுதான் நினைப்பார்.

"ஐயா, உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க. இந்தப் பெட்டிக்கும் ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டு ஆளுக்குத்தான் கோளாறு" என்று தொடங்கி, "அந்த ஆள் நான்தான்" என்று முடித்தேன்.

கையோடு கொண்டுபோயிருந்த என் ரிமோட்டை எடுத்து, ஜன்னலோரம் நின்று, பீரோக் கண்ணாடியைப் பார்த்து அமுக்கிக் காட்டினேன். டிவியில் சேனல் மாறியது. அவர் பார்வை கண்ணாடிக்குப் போய், ஜன்னலுக்குப் போய், கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"நீங்க மீன் வைப்பீங்க, நான் பாட்டு வைப்பேன். நீங்களும் விளையாடுறீங்கன்னு நெனச்சேன். அந்த மீன் எனக்குப் பதில்தானே?"

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. மகள் தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தாள். "அப்பாவுக்கு மீன் பிடிக்கிறதைப் பாக்கப் பிடிக்கும். அதான் அது. வேற ஒண்ணும் இல்ல."

"தப்புதாம்மா."

"விளையாட்டா? உங்களுக்கு வயசு என்ன ஆகுது? சுவத்தைப் பாத்து அழுதாரு எங்கப்பா. பச்சைப் புள்ளைங்ககூட ஒரு தடவை பண்ணிட்டு ஓடிடும். தினம் வேலையாவா பண்ணுவாங்க? வீட்ல பேச ஆளே இல்லையா உங்களுக்கு?"

திட்டுவதற்காகக் கேட்ட கேள்வி. அதற்கெல்லாம் நிஜமான பதிலைச் சொல்லி அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. நான் பீரோவைத் தள்ளி, கண்ணாடி ஜன்னலைப் பார்க்காதபடி பக்கவாட்டில் திருப்பத் தொடங்கினேன்.

அப்போது அவள் "அப்பா" என்றாள். திரும்பினேன். போர்வை மேலிருந்து அந்தக் கை எழும்பிக்கொண்டிருந்தது. நடுக்கத்தோடு, மெதுவாக, தோள் உயரத்துக்கு வந்தது. விரல் என்னைக் காட்டியது. பிறகு வாசலைக் காட்டியது.

நாலு நாளாகத் தூங்கிக் கிடந்த கை என்னைத் துரத்துவதற்காக எழுந்துகொண்டது. எதற்காக எழுந்தால் என்ன! பீரோவை மிச்சம் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது மேலே டிவியின் சத்தம் ஏறுவது கேட்டது. அந்தத் தண்ணீரையாவது வாங்கிக் குடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். என் வெளிச்சம் இனி அவரிடம் போகாது. ஆனால் அவர் வெளிச்சம் இன்னும் என்னிடம் வரும். என் பெட்டியின் கண்ணை மூடிவிட்டால் அதுவும் தீர்ந்தது. டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருக்கும்போதே திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று, அடுத்தது. பங்குச் சந்தை, பக்தி, வைர நகை விளம்பரம், கார்ட்டூன் பூனை. ஊருக்குத் திரும்பிய மனுஷர் தெருத்தெருவாகப் போய், எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. நடுவில் சத்தம் ஏகத்துக்கு ஏறியது. மகள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இறங்கியது. கொஞ்சம் பொறுத்து, வீம்புக்கு ஒரே ஒரு கோடு ஏறியது.

என் ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரல் துறுதுறுத்தது. அவர் வைத்ததை நான் மாற்றிவிடாதபடி, டேப்பைக் கிழித்து ரிமோட்டின் மூக்கில் சுற்றினேன். இரண்டு சுற்றே போதும். என்னை எனக்குத் தெரியும் என்பதால் இன்னும் இரண்டு. பெட்டியின் கண்ணைத் திறந்தபடியே விட்டுவிட்டேன்.

அவர் எங்கே நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீனில் நிறுத்தவில்லை. ஏதோ மலைநாட்டில் ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிற படம், எனக்குப் புரியாத பாஷை. மேலே பனி விழ ஆரம்பித்திருந்தது. ஒரு குட்டியைக் காணவில்லை. அவன் மற்றவற்றைப் பாறைக்கு அடியில் அடைத்துவிட்டுத் தேடிக்கொண்டு ஏறினான். அவன் பாதி தூரம் ஏறியபோது பெரியவருக்குத் தூக்கம் வந்துவிட்டது போல. அணைத்துவிட்டார். எனக்கும் அணைந்தது.

குட்டி கிடைத்ததா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் தெரிந்துவிடும். ஆனால் அவருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எதற்கு என்று உட்கார்ந்திருந்தேன்.