கூப்பே மலையிலிருந்து இறங்கியவன்

எக்கானேயைப் புதைத்த பதினோராவது மாதத்தில், ஒரு சந்தை நாளன்று, பட்டப்பகலில் அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

மெசோதே அப்போது முற்றத்தில் கொக்கோ விதைகளைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள். வேலிக்கு அப்பால் யாரோ நிற்பது போலிருக்க, நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வயதுப் பையன். காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள்தான் கறுப்பு நூலில் தைத்திருந்தாள். பிணத்துக்கு உடுத்துகிற அவசரத்தில் வெள்ளை நூல் கிடைக்கவில்லை.

"சித்தி," என்றான். "அவரு இருக்காரா?"

சாகும்போது அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த வயது. இப்போதும் அதே இடத்தில்தான் உடைந்தது. ஒரு சொல் தடித்தும் அடுத்த சொல் கீச்சென்றும் வந்தன.

மெசோதேக்கு ஓடத் தோன்றியது. "கும்பாவுக்குப் போயிருக்காரு. சிமெண்டு எடுக்க," என்று மட்டும் வாயிலிருந்து வந்தது.

"எப்ப வருவாரு?"

"நாளைக்கு. நாளன்னைக்கும் ஆகலாம்."

"சரி. இருக்கேன்."

படலைத் திறந்து உள்ளே வந்தான். வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கொக்கோ உலர்த்துகிற கொட்டகைக்குப் போய், வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தான். வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தான். உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்திருந்தது. நகங்கள் சதை வரைக்கும் தேய்ந்திருந்தன. இரத்தம் மட்டும் எங்கும் இல்லை.

கூப்பே மலையடிவாரத்தில் பிறந்தவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பணத்தாசை பிடித்தவன் சொந்த இரத்தத்தில் ஒருவரை மலைக்கு விற்பான். விற்கப்பட்டவர் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனது போலிருக்கும். புதைத்துவிடுவார்கள். ஆள் மட்டும் மலைமேல் கண்ணுக்குத் தெரியாத தோட்டங்களில் மூட்டை சுமந்துகொண்டிருப்பான். விற்றவன் வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை வரும். இந்த விற்பனையை நியோங்கோ என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். மெட்டுகே வீட்டுக்குத் தகரக் கூரை வந்தபோதும் சொன்னார்கள். அவன் மனைவி மெசோதே அதைக் காதில் வாங்கவில்லை. அதாவது, வாங்கிக்கொண்டு கேட்காதவள் போல் இருந்துவிட்டாள்.

எக்கானே மெட்டுகேயின் செத்துப்போன அண்ணனின் பிள்ளை. ஒன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தான். போன மழைக்காலத்தில் அவனுக்கு இலேசாகக் காய்ச்சல் அடித்தது. மெட்டுகே எங்கிருந்தோ ஒரு மருந்து கொண்டுவந்து, கோப்பையில் ஊற்றி மெசோதேயிடம் நீட்டினான். "நீ குடு," என்றான். கொடுத்துவிட்டு வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவள்தான் பையனின் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. முகம் கழுவும்போது இறந்தவனின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது. மெட்டுகேயிடம் சொன்னாள். "நீ ஊத்தின தண்ணிதான்," என்றான் அவன்.

மெசோதே பாயின் ஓரத்தில் உட்கார்ந்து விதைகளை அளைந்தபடியே இருந்தாள். எழுந்தால் அவன் என்ன செய்வானோ, எழாவிட்டால் என்ன செய்வானோ, ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அஹோனே சந்தைக் கூடையோடு வந்தாள். படலில் கையை ஊன்றிக் கொட்டகைப் பக்கம் நன்றாகவே பார்த்தாள்.

"யாருடி அது? புதுக் கூலியாளா?"

மெசோதே விதைகளைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஆமாக்கா," என்றான் எக்கானே.

"இந்த வெயில்ல உக்காந்திருக்கியே, மண்டை வெடிச்சிரும். தண்ணி கிண்ணி குடுடி அவனுக்கு. உன் புருசன் கூலியும் குறைப்பான், தண்ணியும் குறைப்பான்." சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எக்கானேக்கு நடந்த இழவில் மூன்று நாள் உட்கார்ந்து அழுதவள் அவள்.

அஹோனே போனபின் எக்கானே கேட்டான். "சித்தி, என் பேரு என்ன?"

"என்ன கேக்குற?"

"மேல யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கொஞ்ச நாள்ல மறந்துரும். என்னுது மறந்துபோச்சு. அவரு பேரு மட்டும் தினம் சொல்லிக்கிட்டே இருந்தேன். மூட்டையைத் தூக்கும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. அதனாலதான் வழி தெரிஞ்சுது."

"எக்கானே," என்றாள். "உன் பேரு எக்கானே."

இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அதில் அவனுக்குச் சந்தோசம் வந்ததாகத் தெரியவில்லை.

"அந்தக் கோப்பையை நீதானே குடுத்த?"

மதியம் முழுக்க அவள் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"நான்தான்."

"தெரிஞ்சா குடுத்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் கண்கள் அவள்மேல் அசையாமல் இருந்தன. பேச வாயைத் திறக்கும் நேரம் தவிர அவன் மார்பு ஏறி இறங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"தெரியாது. ஆனா ஏதோ சரியில்லன்னு தோணுச்சு. அவரு ஏன் தானே குடுக்கலன்னு தோணுச்சு. கேக்கல. கேட்டா பதில் சொல்லிருவாரோன்னு பயம்."

அவன் தலையைத் திருப்பி ஊருக்கு வரும் பாதையைப் பார்க்கத் தொடங்கினான்.

மூன்று மணி வாக்கில் மெட்டுகே போன் செய்தான். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

"அங்க யாராச்சும் வந்தாங்களா?" எடுத்த எடுப்பில் அதுதான்.

"யாரைக் கேக்குறீங்க?"

"வந்தாங்களா, இல்லையா?"

"கொட்டகை வாசல்ல உக்காந்திருக்கான்."

அந்தப் பக்கம் கும்பா சந்தைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெட்டுகே மூச்சு விட்டான். "மேலேருந்து நேத்தே சொல்லி அனுப்பினாங்க, ஒருத்தன் குறையுறான்னு. சரி, நான் சொல்றதைக் கேளு. பயப்படாத. அடுப்புக்கு மேல உத்தரத்துல சின்னப் பொட்டலம் ஒண்ணு சொருகியிருக்கேன். இலையில சுத்தினது. அவனுக்குச் சோறு ஆக்கி அதுல போட்டுக் குடு. நம்ம வீட்டு அடுப்புல ஆக்கினதா இருக்கணும். சாப்பிட்டா படுத்துருவான். அப்புறம் எழுந்திரிக்க மாட்டான். நான் வந்து கட்டி மேல அனுப்பிக்கிறேன்."

"நானா?"

"பின்ன யாரு? உன் கையால வாங்கித்தான் சாப்பிடுவான். போன தடவையும் நீதானே குடுத்த. பழக்கம்தானே."

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதிலேயே நின்றது. பழக்கம்தானே. பதினோரு மாதமாக அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் ஒன்றுதான்: அவருக்கும் தெரியாது, எவனோ கொடுத்த கெட்ட மருந்து, விதி. இப்போது அதைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

உத்தரத்தைத் தடவினாள். பொட்டலம் இருந்தது. அது அவள் தினமும் சமைக்கிற அடுப்புக்கு நேர் மேலே, கையெட்டும் தூரத்தில், எவ்வளவு நாளாக இருந்ததோ.

சேப்பங்கிழங்கைத் துருவி, வாழையிலையில் கட்டி அவித்தாள். பனையெண்ணெயில் புகைபோட்ட மீனை வதக்கினாள். ஏன் சமைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை; கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. தட்டில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் தட்டின் ஓரத்திலேயே வைத்திருந்தாள்.

"இதை இதுல போட்டு உனக்குக் குடுக்கச் சொன்னாரு," என்றாள். "போடல."

எக்கானே பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தான். உணவைத் தொடவில்லை. "பசிக்கிறதில்ல," என்றான். பின்பு, "வரமாட்டாருல்ல?" என்று கேட்டான்.

"நீ இருக்கிற வரைக்கும் வரமாட்டாரு."

"அப்ப நான் இங்கேயே இருப்பேன். எனக்கு அவசரமில்ல, சித்தி."

அவசரம் அவளுக்குத்தான் இருந்தது. அன்றிரவு அஹோனே வீட்டில் போய்ப் படுத்தாள். காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டாள். விடிந்து வந்தபோது அவன் அதே கட்டையில் அதே மாதிரி இருந்தான், தோளில் பனி இறங்கியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவனுக்குக் கை காட்டினார்கள். அவன் திருப்பிக் கை காட்டினான். அதைப் பார்த்தபோதுதான் மெசோதேக்குப் பொறுக்க முடியாமல் போனது. அவனும் அந்தப் பாதையில்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன்.

போனை எடுத்தாள்.

"சாப்பிட்டுட்டான்," என்றாள் மெட்டுகேயிடம். "நீங்க சொன்ன மாதிரி படுத்துட்டான். அசையல. எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் வாங்க."

"முழுசா சாப்பிட்டானா?"

"தட்டுல ஒண்ணும் மிச்சமில்ல."

"நீ பொய் சொல்லலையே?"

"என்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. அதனால்தான் அவன் நம்பினான்.

பைக் வரும் சத்தத்துக்காகக் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் மெசோதே மூன்று முறை போனை எடுத்து, வராதீங்க என்று சொல்லப் பார்த்தாள். பன்னிரண்டு வருசம் கூடப் படுத்தவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் முதுகில் தைலம் தேய்த்துவிட்டவன். மூன்று முறையும் போனைக் கீழே வைத்தாள்.

மெட்டுகே புதுச் சட்டையோடு வந்து இறங்கினான். பைக் ஓட்டிவந்தவனை அனுப்பிவிட்டு, கையிலிருந்த சுருட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு, "எங்க?" என்றான்.

"கொட்டகைக்குள்ள."

உள்ளே போனான். மெசோதே முற்றத்தின் நடுவில் நின்றாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எக்கானேயின் குரல் வந்தது, தடித்தும் கீச்சென்றும்.

"வாங்க சித்தப்பா."

ஏதோ தடதடவென்று விழுந்தது. அப்புறம் மெட்டுகே அழுகிற சத்தம். அவன் அழுது அவள் அதுவரை கேட்டதில்லை. "கடன்காரனுங்க என்னை விடலடா. உன்னைப் பிள்ளையாத்தானேடா வளர்த்தேன்." குரல் இறங்கியது, பிறகு அவசரமாக ஏறியது. "நான் குடுக்கலடா, அவதான் குடுத்தா. வெளியதான் நிக்கிறா. அவளைக் கூட்டிட்டுப் போ. ஒருத்தர்தானே அவங்களுக்கு வேணும்? அவ நல்லா வேலை செய்வா."

மெசோதே வேலிப் பக்கம் போகவில்லை. அதே இடத்தில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"சித்தியை நான் கேட்டுட்டேன்," என்றான் எக்கானே. "உள்ளதைச் சொல்லிருச்சு. எந்திரிங்க."

மெட்டுகே முதலில் வெளியே வந்தான். கண் திறந்திருந்தது, அவளைத் தாண்டி வேறு எதையோ பார்த்தது. மூட்டை ஏற்றியவன் நடக்கிற மாதிரி கழுத்தை விறைத்து, சின்னச் சின்ன அடியாக நடந்தான். தலையில் ஒன்றும் இல்லை. வேலியைக் கடந்து, வாழைத் தோட்டத்தின் ஓரமாக மலைப்பாதையில் ஏறினான். எக்கானே பின்னால் போனான். படலருகே நின்றான்.

"நீயும் மேலயா போற?" என்று கேட்டாள் மெசோதே.

"இவரைக் கொண்டுபோய் விட்டாத்தான் என்னை விடுவாங்க."

"அப்புறம்?"

"தெரியல. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்னை?"

"நான் வரமாட்டேன், சித்தி." கொஞ்சம் யோசித்தான். "ஆனா மேல உன் பேரு தெரியும். அடுத்து நீன்னு இவரு சொல்லி வச்சிருக்காரு. அவங்க எதையும் எழுதி வச்சுக்க மாட்டாங்க, ஆனா மறக்கவும் மாட்டாங்க."

அவன் போய்விட்டான்.

மெட்டுகே தன்னந்தனியாக, வெறுங்கையோடு மலையேறுவதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். கூப்பிட்டும் திரும்பவில்லையாம். ஆண்கள் மூன்று நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. நான்காம் நாள் ஊர்த் தலைவர் மெசோதேயைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டார். அவள் கோப்பையிலிருந்து போன் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். அஹோனே எழுந்து, "அந்தக் கூலியாளை நானும் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த எக்கானேயின் புதைகுழியைத் தோண்டினார்கள். பெட்டிக்குள் துணி சுற்றிய வாழைத்தண்டு இருந்தது. பதினோரு மாதமாகியும் அழுகாமல், வெட்டி வைத்த ஈரத்தோடு இருந்தது. ஒரு பெரியவர், "மூடிருங்கப்பா," என்றார்.

அன்று சாயங்காலம் அவள் லிம்பேயில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்தாள். விசயத்தைச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வந்து தங்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"கேக்கணுமாக்கா? நாளைக்கே வா."

"உன் வீட்டுலேர்ந்து மலை தெரியுமாடா?"

"எந்த மலை?"

"எந்த மலையாச்சும்."

தம்பி சிரித்தான். "கதவைத் திறந்தா மலைதான். உங்க ஊருதைவிடப் பெருசு. ஏன் கேக்குற?"

மெசோதே மறுநாள் லிம்பே பஸ்ஸில் ஏறவில்லை. துவாலாவுக்குப் போகிற வண்டியைக் கேட்டு ஏறினாள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. ஊரே தட்டையாக இருக்கும் என்று எப்போதோ யாரோ சொல்லியிருந்தார்கள். வண்டி புறப்படும்வரை துணி மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் அங்கே மலை ஏதும் தெரியாதுதானே என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.