மூலை இல்லாத வீடு

இணையத்தில் யாரோ ஒரு பிரயாணி எழுதிய பட்டியல் அது. உலகத்தில் தான் பார்த்த முப்பது விசித்திரக் கட்டடங்களை அவர் படங்களோடு போட்டிருந்தார். போலந்தில் வெயிலில் உருகியதுபோல் நெளிந்து நிற்கும் ஒரு கடைத்தொகுதி. அமெரிக்காவில் கைப்பிடி வைத்த கூடை வடிவில் ஏழு மாடி அலுவலகம். ஒல்லாந்தில் ஒற்றை முனையில் நிற்கும் பெட்டி வீடுகள். பத்தொன்பதாவதாக, நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபம். சங்கைப்போல் உள்நோக்கிச் சுருண்டு போகும் ஒரே சுவர். எங்கும் ஒரு மூலை இல்லை. கீழே, ‘வடிவமைப்பு: சுலோஜனா, திருகோணமலை’ என்றிருந்தது.

அன்று காலையிலிருந்து சுலோஜனாவின் போன் ஓயவில்லை. படித்த பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பேசாமலிருந்த சித்தி கூப்பிட்டாள். எல்லோருக்கும் ‘ஓம், ஓம், சந்தோசம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மத்தியானச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைத்தாள்.

அன்புவழிபுரத்தில் அவளுடைய வீட்டு முன்னறைதான் அலுவலகம். படவரைஞராகப் பதினெட்டு வருடம். வருகிற எல்லோருக்கும் ஒரே வீடுதான் வேண்டும்: பத்துப் பேர்ச் அளவுச் சின்னக் காணிக்குள் மூன்று அறை, ஒரு ஹோல், பின்னால் சமையலுக்குக் குசினி. மேசைக்கு மேலே சுவரில் கூடை அலுவலகத்தையும் நெளிந்த கடையையும் அவள் முன்னமே வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். அப்படி ஒன்றை ஒரு தடவையாவது வரைந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கேட்கத்தான் ஆளில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டார். கிண்ணியாவிலிருந்து அன்ஸார் என்ற வீடு கட்டும் மேசன் வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி ரபீக்காவுக்குக் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் பார்வை ஒடுங்கி வருவதாகவும், நாலைந்து வருடத்தில் முழுக்க இருண்டுவிடுமென்றும் டொக்டர் சொல்லியிருந்தார். அன்ஸார் தன் காணியில் கயிறும் கம்பும் வைத்து மணலில் ஒரு வீட்டைக் கீறிப் பார்த்திருந்தார். வாசலில் தொடங்கும் சுவர், வலக்கையை எடுக்காமல் நடந்தால் முன்னறை, படுக்கை அறை, குளியலறை, குசினி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய், நடுவிலுள்ள சின்ன முற்றத்தில் விட்டுவிடும். சுவரில் கை உயரத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். முதல் அறை வாசலில் ஒரு கூழாங்கல், அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. கண் இருக்கும்போதே அவள் அந்த வீட்டுக்குள் நடந்து பழகிவிட வேண்டும், அதற்காகத்தான் அவசரம் என்றார்.

சுலோஜனா அன்றிரவே வரைந்து முடித்தாள். அத்தனை அழகான ஒன்றை அதுவரை அவள் கை வரைந்ததில்லை. அதை அன்ஸாரிடம் கொடுக்கவேண்டிய வாரத்தில்தான் நிலாவெளி ஹோட்டல்காரர் இரத்தினசிங்கம் வந்தார். இதுவரை ஒருவரும் கட்டாத மாதிரி ஒன்று வேண்டுமென்றார். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். இது யாருடையது என்று கேட்டார். அவள் வாய், அவளைக் கேட்காமலே, ‘என்ர’ என்றது.

ஒரு சொல்தான். அதைக் காப்பாற்ற அடுத்த பொய் தேவைப்பட்டது. அன்ஸார் வந்தபோது, வளைந்த சுவரில் கூரை நிற்காது, வெடித்துவிடும், பொறியியலாளர் ஏலாதென்று சொல்லிவிட்டார் என்றாள். அவர் படித்தவர்களின் சொல்லை நம்புகிற மனிதர். அப்படியானால் வழக்கமான வீட்டையே கீறித் தாருங்கள் என்றார். அந்தச் சதுர வீட்டையும் அவளே வரைந்து கொடுத்தாள்.

இப்போது அந்தப் பட்டியலில் பிரயாணி எழுதியிருந்தார்: ‘வாசல்தோறும் பதித்த கூழாங்கற்கள் கடலின் தாளத்தைச் சொல்கின்றன.’ அந்த வரியைப் படித்ததும் சுலோஜனாவுக்குக் கூசியது. இரண்டு நாள் அந்தக் கூச்சத்தோடு உழன்றுவிட்டு, மூன்றாம் நாள் கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள்.

கதவைத் திறந்தது ரபீக்கா. குரலைக் கேட்டதுமே, பிளான் கீறின பிள்ளைதானே என்று முகம் மலர்ந்து, உள்ளே வரச் சொன்னாள். நெற்றியில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. வீட்டுக்குள் சுவர் மூலைகள் எல்லாவற்றிலும் பழைய மெத்தைப் பஞ்சை வைத்துச் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்தது. எட்டு மூலைகளை எண்ணியதற்கு மேல் சுலோஜனாவால் எண்ண முடியவில்லை. ரபீக்கா ஒரு கையை முன்னே நீட்டி, ஒவ்வோர் அடியாக வைத்துக் குசினிக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்தாள். பாதி தட்டத்தில் ஊற்றுண்டிருந்தது.

அன்ஸார் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். சுலோஜனா பஸ்ஸில் அடுக்கி வைத்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை.

“நானா, கூரை நிக்காதெண்டு ஒரு பொறியியலாளரும் சொல்லேல்ல. நான் ஒருத்தரையும் கேக்கேல்ல. பொய் சொன்னனான். உங்கட வீட்டை நான் நிலாவெளியில ஒரு ஹோட்டலுக்குக் குடுத்திட்டன்.”

அன்ஸார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரபீக்காவை ஒரு தரம் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் மிஸ். அங்க மாபிள் பதிக்கப் போன என்ட மச்சான் ரெண்டு வருஷத்துக்கு முதல் படம் காட்டினவர்.” குரலை இறக்கிக்கொண்டார். “இவளுக்குத்தான் சொல்லாம வெச்சிருந்தன். இப்ப நீங்க சொல்லிப் போட்டீங்க.”

சுலோஜனா ரபீக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டிருந்தது. முடியாததால் கட்டவில்லை என்ற நினைப்போடுதான் அவள் இந்த ஆறு வருடமும் மூலைகளில் இடிபட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ஆறுதலை அவளுக்கு மிச்சம் வைக்கத்தான் மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தன் நெஞ்சுப் பாரத்தை இறக்க வந்தவள், அதை இந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டாள். இதை ஒரு கணமும் யோசிக்காமல்தான் பஸ் ஏறியிருக்கிறேன் என்று சுலோஜனாவுக்கு உறைத்தது.

ரபீக்கா தலையைச் சுலோஜனாவின் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

“அது நிக்குதா புள்ள? வெடிப்பு ஒண்டும் இல்லையா?”

“நிக்குது ராத்தா. ஒரு வெடிப்பும் இல்லை.”

“என்னை அங்க கூட்டிட்டுப் போங்க.”

இரத்தினசிங்கத்திடம் சுலோஜனா எல்லாவற்றையும் சொன்னாள். கட்டடம் என்னுடையது, யார் கீறினால் எனக்கென்ன என்றார் அவர். ஆனால் அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த அடுத்த வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. விருந்தினர் எழும்புமுன், காலை ஆறரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஓட்டோவில் போனார்கள். வாசலில் ரபீக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வலக்கையைச் சுவரில் வைத்தாள். விரல்கள் பள்ளத்தைத் தேடிப் பிடித்தன. பிறகு அவள் நடந்தாள். நீட்டிய கை இல்லை, எண்ணி வைக்கும் அடி இல்லை. கடைக்குப் போகிற பெண்ணைப்போல நடந்தாள். ஒரு கல். இரண்டு கல். மூன்று கல்லில் நின்று, இது குளியலறை என்றாள். அங்கே கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கிய அலுமாரிதான் இருந்தது. இன்னும் உள்ளே போனாள். நாலாவது வளைவில், சுவரோடு ஒட்டி மீன்தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அவளுடைய கை அதில் மோதி நின்றது.

“இவடத்துக்கு மேல வழி இல்ல,” என்றாள்.

அன்ஸார் போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து சுலோஜனா வெளியே வந்து வேலியோரம் நின்றாள். கரையில் வலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லையென்று தோன்றியது.

பட்டியல் எழுதிய பிரயாணிக்கு அவள் அனுப்பிய கடிதத்துக்குப் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பெயரை மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார். ‘வடிவமைப்பு: அன்ஸார், கிண்ணியா.’ அந்தப் பக்கத்தை அவள் அன்ஸாருக்கு அனுப்பினாள். பார்த்தார் என்று போன் காட்டியது. பதில் இல்லை. வாழ்த்தியவர்களில் சிலர் திரும்பவும் கூப்பிட்டு, என்ன இது, உண்மையா என்று கேட்டார்கள். உண்மைதான் என்றாள். சித்தி பழையபடி பேசாமல் விட்டாள்.

அடுத்த மாதம் கூப்பிட்டது ரபீக்கா. வீட்டுக்குள் அன்ஸார் மூலைகளை உடைக்கத் தொடங்கிவிட்டார், சுவரை வளைத்தெடுக்கப் போகிறாராம் என்றாள். உத்தரம் எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று தெரியாமல் நிற்கிறாராம்.

“அவர் உங்களைக் கேக்கமாட்டார் புள்ள. நான் கேக்கிறன்.”

இந்தத் தடவை சுலோஜனா தனியாகப் போகவில்லை. பாக்கியரத்தினம் என்ற பொறியியலாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். நிஜமான பொறியியலாளர், நாற்பது வருடம் பாலமும் மதகும் கட்டி ஓய்வுபெற்றவர். அவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார், உத்தரங்களை அண்ணாந்து பார்த்தார். மூன்று மூலைகளைத் தாராளமாக எடுக்கலாம், இரண்டுக்குத் தூண் கொடுக்க வேண்டும், கூரைக்கு ஒன்றும் ஆகாது என்றார். அன்ஸார் ஒவ்வொன்றையும் அவரிடம் திருப்பித் திருப்பிக் கேட்டார். சுலோஜனாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவர் போகச் சொன்ன பக்கமெல்லாம் போய் நின்றாள். போகச் சொன்னதும் கையால்தான்.

பகல் சாப்பாட்டுக்கு ரபீக்கா எல்லோருக்கும் சோறு போட்டாள். அன்ஸார் தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டார். சுலோஜனா உள்ளே இருந்து சாப்பிட்டாள். சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தின் உறைப்பு அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு எல்லா அளவும் எடுத்து முடிந்தது. பாக்கியரத்தினம் ஓட்டோவில் ஏறிக்கொண்டார். அன்ஸார் சீமெந்துக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“படத்தை இஞ்சினியர் ஐயாக்கிட்டக் குடுத்தனுப்புங்க மிஸ். நீங்க இனி வர வேணாம்.”

“ஓம் நானா,” என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டோவில் ஏறினாள்.